பள்ளிப் பிள்ளைகளை அறிவியல் போட்டிக்கு அழைத்துப் போகும் கல்லூரிக்காரர்களுக்கு: காசு, கையெழுத்து, காலண்டர்

எங்கள் துறையில் இப்போது படிக்கும் ஜூனியர் ஒருத்தி போன மாதம் போன் செய்தாள். அரசுப் பள்ளி ஒன்றில் பிள்ளைகளை அறிவியல் போட்டிக்குத் தயார் செய்யக் கூப்பிட்டிருக்கிறார்களாம், ஒத்துக்கொள்ளலாமா அக்கா என்று கேட்டாள். "தாராளமா போ" என்று சொல்ல வாய் வந்தது, ஆனால் சொல்லவில்லை. 2019-இல் எம்.எஸ்சி. வேதியியல் இரண்டாம் ஆண்டு படித்தபோது, தர்மபுரி மாவட்டத்தில் ஒரு கிராமத்துப் பள்ளியில் இதே வேலையை நான் செய்தேன். ஐந்து பேராகத் தொடங்கினோம், கடைசியில் நான் ஒருத்திதான் மிச்சம். கைக்காசு ஒன்பதாயிரம் ரூபாய்க்குப் பக்கம் போனது, ஒரு இன்டர்னல் தேர்வு போனது, தீபாவளி விடுமுறை போனது. வேதியியல் எனக்குப் பெரிய தொந்தரவு கொடுக்கவில்லை. என்னைச் சோர வைத்ததெல்லாம் மற்ற விஷயங்கள், அவற்றைப் பற்றி யாரும் முன்கூட்டிச் சொல்லவே இல்லை. அவளிடம் போனில் சொன்னதையெல்லாம் இங்கே கொஞ்சம் விரிவாக எழுதி வைக்கிறேன்.

போட்டி என்று பேச்சுக்குச் சொல்கிறேன், நாங்கள் போனது தேசிய குழந்தைகள் அறிவியல் மாநாட்டுக்கு. 1993 முதல் நாடு முழுக்க நடந்துவருவது, நம் மாநிலத்தில் தமிழ்நாடு அறிவியல் இயக்கம் ஒருங்கிணைத்தது. 10 முதல் 17 வயது வரை உள்ள பிள்ளைகள் சிறு குழுவாகச் சேர்ந்து, தங்கள் ஊரில் இருக்கும் ஒரு பிரச்சினையை எடுத்துக்கொண்டு, அளந்து, கணக்கெடுத்து, ஆய்வறிக்கையாக எழுதி நடுவர்கள் முன்னால் பேச வேண்டும். எல்லாவற்றையும் தமிழிலேயே செய்யலாம். மாவட்ட அளவில் தேர்வானால் மாநிலம், அங்கேயும் தேர்வானால் தேசிய மாநாடு. தெர்மாகோலில் எரிமலை செய்து வைக்கும் கண்காட்சிகளைப் பார்த்துச் சலித்துப் போனவர்களுக்கு இது ரொம்பப் பிடிக்கும். எனக்கும் அப்படித்தான் பிடித்தது.

எங்கள் பேராசிரியருக்குத் தெரிந்த தலைமையாசிரியர் ஒருவர், ஒன்பதாம் வகுப்பில் நன்றாகப் படிக்கும் இரண்டு பெண்கள் இருக்கிறார்கள், உங்கள் பிள்ளைகள் யாராவது வந்து வழிகாட்ட முடியுமா என்று கேட்டிருக்கிறார். வகுப்பில் கை தூக்கியவர்கள் ஐந்து பேர். முதல் நாள் போனபோது ஹெச்.எம். அறையில் டீ, பிஸ்கெட்டெல்லாம் கிடைத்தது. பேச்சுவாக்கில்தான் தெரிந்தது, அவர் இதையும் மத்திய அரசு பள்ளி மாணவர்களுக்குத் தரும் இன்ஸ்பயர் மானக் விருதையும் ஒன்று என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். அந்தத் திட்டத்தில் மாணவரின் யோசனை தேர்வானால் அவர் வங்கிக் கணக்குக்கே 10,000 ரூபாய் வந்துவிடும். நாங்கள் போகப்போகும் மாநாட்டில் அப்படி முன்பணம் எதுவும் வராது. "அப்போ செலவுக்கு?" என்று கேட்டார். "பாத்துக்கலாம் சார்" என்று எங்களில் ஒருவன் சொன்னான். அந்தப் "பாத்துக்கலாம்" என்ற சொல்லை யார் சொன்னாலும் அங்கேயே நிறுத்தி, எவ்வளவு, யார், எப்போது என்று கேட்டுவிடுங்கள். பிள்ளைகளைப் பார்த்துப் பேசிப் பழகிய பிறகு காசு பேச வாய் வராது. அதனால் முதல் சந்திப்பிலேயே, பிள்ளைகள் அறைக்குள் வருவதற்கு முன்பே, பேசி முடித்துவிட வேண்டிய விஷயம் இது.

சரி, பிள்ளைகளுக்கு வருவோம். தர்மபுரிக்காரர்களுக்கு ஃப்ளோரைடு பற்றிப் புதிதாக ஒன்றும் சொல்ல வேண்டாம். பாறையிலிருந்தே நிலத்தடி நீரில் கரைந்து வருவது. பல ஊர்களில் பெரியவர்கள் பல்லைப் பார்த்தாலே பழுப்புக் கறை தெரியும். அதற்காகத்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே வந்தது. 2008-இல் அடிக்கல் நாட்டி, 2013-இல் தண்ணீர் வரத் தொடங்கியது. நாங்கள் ஐந்து பேரும் பஸ்ஸில் வரும்போதே ஒரு தலைப்பை முடிவு செய்து வைத்திருந்தோம்: முருங்கை விதைத் தூளால் ஃப்ளோரைடை நீக்குவது. பிள்ளைகளிடம் சொன்னோம். தலையாட்டினார்கள். அப்புறம் குழுத் தலைவியாக இருந்த பெண் மெதுவாக, "அக்கா, குடிக்கிறதுக்குத்தான் ஒகேனக்கல் தண்ணி. அது ஒரு நாள் விட்டு ஒரு நாள் வருது. சோறாக்கறது, கொழம்பு வெக்கறது எல்லாம் போர் தண்ணிலதான். அதுல இருக்கற ஃப்ளோரைடு எங்கப் போகும்?" என்று கேட்டாள். எம்.எஸ்சி. படிக்கும் ஐந்து பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அதுதான் எங்கள் ஆய்வாக ஆனது: எங்கள் ஊர்ச் சமையலறையில் எந்தத் தண்ணீர் எதற்குப் போகிறது, அதில் ஃப்ளோரைடு எவ்வளவு.

இதிலிருந்து ஒரு விஷயம் சொல்கிறேன். தலைப்பை நீங்கள் கொண்டுபோகாதீர்கள். கொண்டுபோனாலும் பையிலேயே வைத்துக்கொண்டு, முதல் இரண்டு சந்திப்புகளில் பிள்ளைகளை அவர்கள் வீட்டைப் பற்றியும் தெருவைப் பற்றியும் பேச விடுங்கள். அவர்கள் கேள்வி நம் தலைப்பைவிட உயர்ந்தது என்று நெகிழ்ச்சியாகச் சொல்ல வரவில்லை, இதில் நடைமுறை லாபம் இருக்கிறது. சொந்தக் கேள்வியாக இருந்தால் நடுவர் எந்தப் பக்கம் திருப்பிக் கேட்டாலும் பிள்ளை பதில் சொல்லும். நாம் கொடுத்த தலைப்பாக இருந்தால் நாம் எழுதிக் கொடுத்த பக்கத்தைத் தாண்டி ஒரு வரி வராது.

அடுத்தது அளக்கும் கருவி. இதில்தான் முதல் அடி விழுந்தது. ஃப்ளோரைடு அளக்கச் சோதனைப் பெட்டி கிடைக்கும், கிட் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். குறிப்பிட்ட அளவு தண்ணீரில் ஜிர்கோனியம் சேர்ந்த ஒரு ரீஜென்டை, அதாவது சோதனைக் கரைசலை, சில சொட்டுகள் விட்டால் நிறம் மாறும். ஃப்ளோரைடு இல்லாவிட்டால் இளஞ்சிவப்பு, ஏற ஏற மஞ்சள் பக்கம் போகும். கூட வரும் நிற அட்டையோடு ஒப்பிட்டு அளவைப் படித்துக்கொள்ள வேண்டும். இணையத்தில் 3,800 ரூபாய்க்கு வாங்கினேன். சனிக்கிழமைகளில் பிள்ளைகள் தெருத் தெருவாகப் போய்த் தண்ணீர் எடுத்துவந்து சோதித்தார்கள். எல்லா போர் தண்ணீரும் ஒரே மஞ்சளாக வந்தது. அவர்களுக்கு மகிழ்ச்சி, எனக்குச் சந்தேகம். கல்லூரி லேபில் ஸ்டாண்டர்ட், அதாவது ஃப்ளோரைடு அளவு தெரிந்த கரைசல், தயாரித்துப் பார்த்தேன். 221 மில்லிகிராம் சோடியம் ஃப்ளோரைடை ஒரு லிட்டர் காய்ச்சி வடித்த நீரில் கரைத்தால் லிட்டருக்கு 100 மில்லிகிராம் ஃப்ளோரைடு. அதில் ஒரு மில்லியை எடுத்து 100 மில்லியாக நீர்க்கச் செய்தால் லிட்டருக்கு ஒரு மில்லிகிராம், இரண்டு மில்லி எடுத்தால் இரண்டு மில்லிகிராம். ஒன்றும் இரண்டும் என் கிட்டில் ஒரே நிறம் காட்டின. பெட்டியைக் கவிழ்த்துப் பார்த்தால் ரீஜென்ட் புட்டியில் காலாவதித் தேதி மங்கலாக இருக்கிறது, அது ஏற்கெனவே முடிந்திருந்தது. விற்றவர்கள் திரும்ப எடுத்துக்கொள்ள மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். பிரித்த பொருளாம்.

இன்னொரு ரீஜென்டுக்கு 1,100 ரூபாய், எடுத்த மாதிரிகளை எல்லாம் மறுபடி எடுக்கும் வேலை. இதை யாராவது செய்யப் போகிறீர்கள் என்றால்: கிட் கையில் வந்த அன்றே காலாவதித் தேதியைப் பாருங்கள், தெரிந்த அளவுள்ள கரைசல் இரண்டை வைத்துச் சரிபாருங்கள், அதற்குப் பிறகுதான் பிள்ளைகளிடம் கொடுங்கள். சோடியம் ஃப்ளோரைடு நச்சு, அந்த வேலையைக் கல்லூரி லேபில் நீங்களே முடித்துவிட வேண்டும். கிட் ரீஜென்டிலும் அமிலம் இருக்கும், கையுறை இல்லாமல் தொட விடாதீர்கள். ஃப்ளோரைடு மாதிரியைக் கண்ணாடிப் புட்டியில் எடுக்கக் கூடாது, பிளாஸ்டிக் பாட்டில்தான். அதையும் எடுக்கப்போகும் தண்ணீராலேயே மூன்று தடவை அலசிவிட்டு நிரப்ப வேண்டும். பாட்டில் மேல் எந்த வீடு, எந்தத் தண்ணீர், என்ன தேதி என்று அப்போதே எழுதிவிட வேண்டும். சாயங்காலம் எழுதிக்கொள்ளலாம் என்று விட்டால் எல்லா பாட்டிலும் ஒரே மாதிரித்தான் இருக்கும். முடிந்தால் நாலைந்து மாதிரிகளைக் குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் கட்டணம் கட்டிக் கொடுத்து, அந்த அளவையும் உங்கள் அளவையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். கிட் காட்டுவது தோராயம்தான், அதை மறைக்கத் தேவையில்லை.

தப்பான அளவுகள் எழுதிய நாட்குறிப்புப் பக்கங்களைக் கிழித்துவிடலாமா என்று பிள்ளைகள் கேட்டார்கள். வேண்டாம், ஒரு கோடு போட்டு அடித்து, பக்கத்தில் ஏன் அடித்தோம் என்று எழுதுங்கள் என்றேன். மாவட்ட மாநாட்டில் ஒரு நடுவர் நாட்குறிப்பில் நின்று படித்தது அந்தப் பக்கங்களைத்தான் என்று பிள்ளைகள் பிறகு சொன்னார்கள்.

சோதனை நாட்களைப் பற்றிப் பேசினால் எனக்கு இப்போதும் உற்சாகம் வந்துவிடும். ஒரு வீட்டில் பாட்டி, "கொதிக்க வெச்சா எல்லாம் போயிடும் கண்ணு" என்றார். கொதிக்க வைத்தால் கிருமிதான் சாகும். நீர் ஆவியாகப் போகும், ஃப்ளோரைடு தங்கிவிடும். பிள்ளைகள் அந்த வீட்டிலேயே ஒரு லிட்டர் போர் தண்ணீரைப் பாதியாகும் வரை காய்ச்சி, ஆற வைத்து, முன்னும் பின்னும் சோதித்துக் காட்டினார்கள். மஞ்சள் இன்னும் அடர்ந்தது. பாட்டி கொஞ்ச நேரம் பேசவில்லை. இன்னொரு வீட்டில், ஆர்.ஓ. மெஷின் விற்க வந்தவர் தண்ணீரில் இரண்டு கம்பியை விட்டுக் கரண்ட் கொடுத்ததும் தண்ணீர் பழுப்பாகிவிட்டதாகவும், இந்த விஷத்தைத்தான் குடிக்கிறீர்கள் என்று சொன்னதாகவும் சொன்னார்கள். இரும்புக் கம்பி அரிப்பதால் வரும் நிறம் அது. உப்பு கரைந்த தண்ணீர் எதுவானாலும், நல்ல குடிநீரே ஆனாலும் அப்படித்தான் மாறும். நாங்கள் 600 ரூபாய்க்கு வாங்கிய டி.டி.எஸ். மீட்டரும் அப்படித்தான், கரைந்த உப்புகளின் மொத்த அளவைத்தான் மின்கடத்துத் திறனை வைத்துத் தோராயமாகக் காட்டும், ஃப்ளோரைடைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாது. இந்திய தர நிர்ணய அளவுப்படி குடிநீரில் ஃப்ளோரைடு லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும், வேறு நீர் ஆதாரமே இல்லையென்றால் 1.5 வரை பொறுக்கலாம். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் இந்த வித்தியாசங்களைத் தெருவில் நின்று பெரியவர்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். இதற்காகத்தானே வந்தோம் என்று அந்த வாரங்களில் தோன்றியது.

ஆனால் அதே வாரங்களில்தான் வாசலில் நிறுத்தப்பட்டேன். ஹெச்.எம். வாய்மொழியாக அனுமதி கொடுத்திருந்தார், நாங்களும் அது போதும் என்று வந்துபோய்க்கொண்டிருந்தோம். ஒருநாள் அவர் விடுப்பு. பொறுப்பில் இருந்த ஆசிரியர் என்னைக் கேட்டிலேயே நிறுத்தி, "யாரும்மா நீங்க? எந்த ஆர்டர்ல பிள்ளைங்கள வெளிய கூட்டிப் போறீங்க?" என்று கேட்டார். வகுப்பு ஜன்னலிலிருந்து பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவமானமாக இருந்தது, கோபமும் வந்தது. யோசித்துப் பார்த்தால் அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. முன்பின் தெரியாத ஆள் வந்து இரண்டு பெண் பிள்ளைகளை வெளியே கூட்டிப் போவதை எந்தப் பள்ளியும் கேள்வி கேட்காமல் விடக் கூடாது. அன்று நான் வெயிலில் பஸ் ஸ்டாண்டு வரை நடந்து திரும்பினேன்.

அதனால், முதல் வாரத்திலேயே காகிதத்தைச் சரிசெய்யுங்கள். உங்கள் துறைத் தலைவர் அல்லது முதல்வர் கையெழுத்திட்ட கடிதம், அதில் வருபவர்களின் பெயரும் என்ன வேலைக்கு வருகிறார்கள் என்பதும் இருக்க வேண்டும். அதன் மேல் தலைமையாசிரியர் "அனுமதிக்கப்படுகிறது" என்று எழுதி, தேதி போட்டு, பள்ளி முத்திரை வைத்துத் தர வேண்டும். அதன் ஜெராக்ஸ் எப்போதும் உங்கள் பையில். பள்ளியை விட்டு வெளியே போகும் ஒவ்வொரு நாளும் ஒரு ஆசிரியர் கூட வர வேண்டும், பெண் பிள்ளைகள் என்றால் ஆசிரியை. இதைப் பள்ளி கேட்காவிட்டாலும் நீங்கள் கேளுங்கள். நாளைக்கு ஏதாவது ஒன்று நடந்தால் அந்த ஊரில் உங்களுக்காகப் பேச யாரும் இருக்க மாட்டார்கள்.

பெற்றோர் கையெழுத்து இன்னொரு கதை. இரண்டாவது பெண்ணின் அப்பா பெங்களூரில் கட்டட வேலை. அம்மா, "அவர் சொல்லாம நான் கையெழுத்துப் போட மாட்டேன், பொட்டப் புள்ளைய அவ்ளோ தூரம் அனுப்பறதுன்னா சும்மாவா" என்றார். போனில் அப்பா சரி சொன்னார், ஆனால் மாவட்ட மாநாட்டுக்கு அனுப்பும் படிவத்தில் கையெழுத்து வேண்டும். ஆயுத பூஜைக்கு அவர் ஊருக்கு வரும் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. வந்தவர் என்னைப் பார்த்துக் கேட்ட முதல் கேள்வி, "இதுல படிப்பு கெடாதா?" என்பதுதான். அவர் வீட்டுத் தண்ணீரின் அளவை அவர் மகளே எடுத்துக் காட்டிய பிறகு கையெழுத்துப் போட்டார். வெளியூரில் வேலை செய்யும் அப்பாக்கள் உள்ள ஊர் என்றால், அவர்கள் எப்போது ஊருக்கு வருவார்கள் என்பதை முதல் வாரத்திலேயே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

இதற்கிடையில் எங்கள் ஐவர் குழு கரைந்துகொண்டிருந்தது. இருவர் என்.எஸ்.எஸ். (நாட்டு நலப்பணித் திட்டம்) மாணவர்களைப் போல, எத்தனை மணி நேரம் வேலை செய்தோம் என்று கணக்கிட்டுச் சான்றிதழ் கிடைக்கும் என்று நினைத்து வந்தவர்கள், கிடைக்காது என்றதும் வரவில்லை. ஒருவனுக்கு வங்கித் தேர்வு. இன்னொருத்தி கடைசி வரை வாட்ஸாப்பில் இருந்தாள், ஊருக்குத்தான் வரவில்லை. அவர்கள் மேல் எனக்கு அப்போது இருந்த எரிச்சல் கொஞ்ச நஞ்சமல்ல. குழுவில் "சாரிடி, இந்த வாரம் முடியல" என்று ஒவ்வொரு வெள்ளிக்கிழமை இரவும் ஒரு செய்தி வரும். படித்துவிட்டுப் பதில் போடாமல் படுத்துவிடுவேன். ஆட்கள் குறைவார்கள் என்று எடுத்துக்கொண்டே திட்டம் போடுங்கள். ஐந்து பேர் கை தூக்கினால் இரண்டு பேர் நிற்பார்கள் என்று வைத்துக்கொண்டு, அந்த இரண்டு பேரால் முடியும் அளவுக்கு மட்டும் வேலையை எடுங்கள். ஒவ்வொருவரும் எந்தெந்தச் சனிக்கிழமை வருவார்கள் என்று தேதி போட்டு வாங்கிக்கொள்ளுங்கள். "முடிஞ்சப்போ வரேன்" என்பவரை முதலிலேயே நன்றி சொல்லி அனுப்பிவிடலாம், மனஸ்தாபமாவது மிஞ்சாது.

காலண்டர் விஷயத்தில் பள்ளியும் கல்லூரியும் ஒன்றோடொன்று சேரவே சேராது. செப்டம்பரில் அவர்களுக்குக் காலாண்டுத் தேர்வு, நாம் போக முடியாது. அது முடிந்து விடுமுறை, பிள்ளைகள் பாட்டி ஊருக்குப் போய்விடுவார்கள். அக்டோபரில் நமக்கு இன்டர்னலும் பிராக்டிகலும். அந்த ஆண்டு தீபாவளி அக்டோபர் 27. மாவட்ட மாநாடு அதையொட்டி வந்தது. மறு சோதனைக்கு மிச்சமிருந்த ஒரே இடைவெளியில் எனக்கு இன்டர்னல் இருந்தது. பேராசிரியர் மறுதேர்வு வைப்பார் என்று நம்பிப் பள்ளிக்குப் போனேன், வைக்கவில்லை. அந்தத் தாளில் இன்டர்னல் 25-க்கு எனக்கு வந்த மதிப்பெண்ணை வீட்டில் இன்றுவரை சொன்னதில்லை. ஜூலையிலேயே இரண்டு காலண்டரையும் பக்கத்தில் வைத்து, இரண்டு பக்கமும் காலியாக இருக்கும் சனிக்கிழமைகளை மட்டும் வட்டம் போட்டுப் பாருங்கள். நாலு மாதம் இருக்கிறது என்று நினைத்திருப்பீர்கள், உண்மையில் கையில் இருப்பது ரொம்பக் கொஞ்சம். அளவெடுக்கும் வேலை காலாண்டுத் தேர்வுக்கு முன்னால் முடிந்துவிட வேண்டும். அதற்குப் பிறகு எழுத்து வேலை மட்டும்.

காசுக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். கிட், ரீஜென்ட், மீட்டர், பாட்டில்கள், கையுறை எல்லாம் சேர்ந்து ஆறாயிரத்தை நெருங்கியது. அப்புறம் பஸ் காசு. சனிக்கிழமை மதியம் பிள்ளைகளுக்குச் சாப்பாடு, ஏனென்றால் அன்று பள்ளியில் சத்துணவு கிடையாது, பசியோடு தெருவில் நடக்க விட முடியாது. அறிக்கை பிரிண்ட், ஸ்பைரல், சார்ட், மாநாட்டு நாள் ஆட்டோ. இதையெல்லாம் யாரும் பட்ஜெட்டில் எழுதுவதில்லை, ஆனால் இதுவும் நிறைய விழுங்கும். கடைசியில் பில்களை எடுத்துக்கொண்டு பள்ளிக்குப் போனால், பில் எல்லாம் என் பெயரில் இருக்கிறது, பள்ளிக் கணக்கில் காட்ட முடியாது என்றார்கள். ஹெச்.எம். தன் சட்டைப் பையிலிருந்து 1,500 ரூபாய் எடுத்துக் கொடுத்தார். வாங்க மனமில்லை, ஆனாலும் வாங்கிக்கொண்டேன், ஹாஸ்டல் மெஸ் பில் கட்ட வேண்டியிருந்தது. எதை வாங்கினாலும் தலைமையாசிரியர், பள்ளியின் பெயர் என்று போட்டு பில் வாங்குங்கள். வாங்கும் முன் எந்தக் கணக்கில், எவ்வளவு வரை கொடுக்க முடியும் என்று கேளுங்கள். "ஒன்றும் முடியாது" என்று பதில் வந்தால் அதுவும் நல்லதுதான், கல்லூரி லேபில் இருக்கும் பொருட்களை வைத்து முடியும் ஆய்வாகப் பிள்ளைகளோடு பேசி மாற்றிக்கொள்ளலாம். எங்கள் லேபிலேயே தண்ணீரின் கடினத்தன்மையை அளக்கும் ஈ.டி.டி.ஏ. டைட்ரேஷன் என்ற சோதனைக்கு வேண்டிய எல்லாம் இருந்தன. பத்துப் பைசா செலவில்லாமல் ஒரு நல்ல ஆய்வு அதிலும் வந்திருக்கும்.

மாநாட்டு நாள். வழிகாட்டி ஆசிரியை தேர்தல் பயிற்சிக்குப் போக வேண்டி வந்து, கடைசி நேரத்தில் வேறொரு ஆசிரியை வந்தார். அவருக்கு ஆய்வைப் பற்றி ஒன்றும் தெரியாது, பாவம். அறைக்குள் பிள்ளைகள் மட்டும்தான். நான் வெளியே வேப்ப மரத்தடியில் மற்றப் பள்ளிகளின் அம்மாக்களோடு உட்கார்ந்திருந்தேன். உள்ளே நடந்ததைப் பிள்ளைகள் சொல்லித்தான் தெரியும். முதலில் நன்றாகப் போயிருக்கிறது. எந்தத் தண்ணீர் எதற்கு என்று வரைந்த வீட்டு வரைபடத்தை நடுவர்கள் ரசித்திருக்கிறார்கள். அப்புறம் ஒரு நடுவர் அறிக்கையின் சுருக்கத்தை எடுத்துப் படித்து, "நீர்வேதியியல் பண்புக்கூறுகள்னா என்னம்மா?" என்று கேட்டிருக்கிறார். அந்தப் பத்தியை எழுதியது வாட்ஸாப்பில் இருந்த என் தோழி. நல்லெண்ணத்தில், அழகான தமிழில் எழுதி அனுப்பினாள். டைப் செய்த கடையில் அதையே சேர்த்து அடித்துவிட்டார்கள். தலைவிக்குப் பதில் தெரியவில்லை. "இதெல்லாம் காலேஜ் பசங்க செஞ்சதுதானே?" என்று அவர் கேட்டாராம். "கிட்டை அக்கா வாங்கித் தந்தாங்க சார். தண்ணி எடுத்தது, சொட்டு விட்டது, எழுதுனது எல்லாம் நாங்க. அந்த ஒரு பத்தி மட்டும் நாங்க எழுதல" என்று சொல்லியிருக்கிறாள். பயந்துகொண்டேதான் சொன்னாளாம்.

மாநிலத்துக்குத் தேர்வாகவில்லை. அந்த நடுவர் மேல் எனக்கு இன்றும் வருத்தம் உண்டு, ஒரு பத்தியை வைத்து மொத்தத்தையும் சந்தேகிப்பது அதிகம். ஆனால் அறிக்கை விஷயத்தில் அவர் கண்ணில் பட்டது உண்மையானது. வரி வரியாகப் பிள்ளையை உரக்கப் படிக்க வைத்து, எந்தச் சொல்லில் தடுக்கிறதோ அதை எடுத்துவிட்டு அவர்கள் சொல்லைப் போட வேண்டும். டைப் அடித்து வந்த பிறகும் ஒரு தடவை அதைச் செய்ய வேண்டும். வழிகாட்டி ஆசிரியருக்கு மாற்றாக ஒருவரை முன்பே சேர்த்துக்கொண்டு, அவரையும் ஓரிரு சனிக்கிழமை தெருவுக்கு அழைத்துப் போக வேண்டும். ஆசிரியர்களுக்கு எப்போது என்ன பணி வரும் என்று அவர்களுக்கே தெரியாது.

திரும்பும் பஸ்ஸில் எனக்குத்தான் அழுகை வந்தது. பிள்ளைகள் இரண்டு பேரும் வேர்க்கடலை தின்றுகொண்டு, அடுத்த வருஷம் பத்தாம் வகுப்பு, விடுவார்களோ என்னவோ என்று பேசிக்கொண்டு வந்தார்கள். விடவில்லைதான். பொதுத்தேர்வு என்று சொல்லிவிட்டார்கள், அப்புறம் கொரோனாவும் வந்துவிட்டது. எட்டாம் வகுப்பில் ஒரு பிள்ளையையும் சேர்த்துப் பழக்கியிருந்தால் வேலை தொடர்ந்திருக்கும். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளை மட்டும் வைத்துத் தொடங்குபவர்கள் இதை யோசியுங்கள்.

கடைசியாக ஒன்று. வழிகாட்டும் கல்லூரி மாணவருக்கென்று எங்களுக்குச் சான்றிதழ் எதுவும் தரவில்லை. படிவத்தில் போனது ஆசிரியை பெயர்தான். பி.எச்டி. நேர்காணல் ஒன்றுக்காகப் பிறகு எனக்கு ஒரு கடிதம் தேவைப்பட்டது. பள்ளிக்குப் போனபோது அந்த ஹெச்.எம். மாறுதலில் வேறு ஊருக்குப் போயிருந்தார், புதியவருக்கு நான் யாரென்றே தெரியவில்லை. பழைய வருகைப் பதிவில் என் கையெழுத்தைத் தேடிக் காட்டிக் கடிதம் வாங்க ஒரு முழு நாள் ஆயிற்று. மாநாடு முடிந்த வாரமே, பள்ளியின் லெட்டர்ஹெட்டில், எந்த மாதம் முதல் எந்த மாதம் வரை, என்ன வேலை என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். கொஞ்சம் கூச்சமாக இருக்கும், பரவாயில்லை, கேளுங்கள்.